எது ஆடினாலும்

சரியாக ஒரு மணிக்கு அந்த அம்மாள் ஜன்னலைச் சாத்தினாள். என் கை கார்டோடு பலகையின்மேல் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் சாத்தினாள். "சாப்பிட்டுட்டு வந்துடறேன் பெரியவரே, ஒன்றரைக்கு." எனக்கு முன்னால் நின்ற ஆள் மூன்று மணியார்டர் எழுதியிருந்தான், மூன்றிலும் ஊர்ப் பெயரை விட்டிருந்தான், அவனுக்கு ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு எழுதிக் கொடுத்தாள். எனக்கு வேண்டியது ஒரு முத்திரை. ஒரு குத்து. அதற்கு அரை மணி பெஞ்சில் உட்கார வேண்டும். வாசலில் சிவப்புப் பெட்டி இருக்கிறது, போட்டுவிட்டு நடையைக் கட்டலாம், நடந்து வந்த முழங்கால் அதைத்தான் சொல்கிறது. ஆனால் பெட்டியில் போட்டால் சாட்சி கிடையாது. இங்கே கொடுத்தால் இன்ன தேதியில் இன்னாருக்குப் போட்டேன் என்று ஒரு துண்டுச் சீட்டில் குத்தித் தருவார்கள். தபாலில் சதுரங்கம் ஆடுகிறவனுக்கு நாள் கணக்கு முக்கியம், பத்து ஆட்டத்துக்கு முப்பது நாள், அதைத் தாண்டினால் தோல்வி. பதினோரு வருஷமாக ஒவ்வொரு கார்டுக்கும் சீட்டு வாங்கி வைத்திருக்கிறேன். நாள் தாண்டினான் என்று எதிர்ப்பக்கம் ஆடுகிற அந்த ஆள் ஒரு தடவைகூட என்னைச் சொல்ல முடிந்ததில்லை. அதைச் சொல்ல முடியவில்லை, வேறு சொன்னார். சரி, அது இருக்கட்டும். மின்விசிறி நடுவில் ஓடுகிறது, பெஞ்சு ஓரத்தில் கிடக்கிறது, காற்று பெஞ்சுக்கு வரவில்லை. தடுப்புக்குப் பின்னால் டிபன் டப்பா திறக்கும் சத்தம். எலுமிச்சம்பழச் சோறு. இங்கே பசை டப்பாவின் வாசனை, புளித்த மாவு மாதிரி. கார்டை மடிமேல் கவிழ்த்து வைத்தேன். வியர்வை பட்டால் மை பரவும். பிறகு நிமிர்த்திப் பார்த்தேன். எண்கள் அப்படியேதான் இருக்கின்றன. மூவாயிரத்து நூற்று எண்பத்தாறு. அப்படிப் படிக்கக் கூடாது, மூன்று ஒன்று எட்டு ஆறு என்று படிக்க வேண்டும், ஆனாலும் எனக்கு எடைபோல்தான் வாயில் வருகிறது. இருபத்தெட்டு வருஷம் சர்க்கரை ஆலையில் கரும்பு லாரிகளின் எடையைக் கத்திச் சொன்ன வாய்.

எண்ணால் ஆடுவது என்பதால்தான் நான் இதற்குள் வந்தேன். பலகையில் குறுக்கே ஒன்றிலிருந்து எட்டு, நெடுக்கே ஒன்றிலிருந்து எட்டு. முதல் இரண்டு எண் காய் நிற்கும் கட்டம், அடுத்த இரண்டு எண் அது போகும் கட்டம். இங்கிலீஷ் வேண்டாம், தமிழ்கூட வேண்டாம். ஐந்தாம் வகுப்போடு நின்ற வைரக்கண்ணுவும் ஆடலாம், பாளையங்கோட்டையில் கணக்குப் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்ற எபனேசரும் ஆடலாம், கார்டைப் பார்த்தால் யார் என்ன படித்தார்கள் என்று தெரியாது. அப்படித்தான் நினைத்தேன். தபால் சதுரங்கச் சங்கத்தில் பேர் கொடுத்தேன், அவர்கள் அவருடைய விலாசத்தை அனுப்பினார்கள், ஒரு குட்டி விதிப் புத்தகமும் அனுப்பினார்கள். அவர் முதல் ஆட்டம் 4244 என்று எழுதினார். ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாய் இரண்டு கட்டம் முன்னால் வருகிறான். நான் 7776 எழுதினேன், ராஜா பக்கத்துக் குதிரைக்கு முன்னால் நிற்கும் சிப்பாய் ஒரு கட்டம். அவன் விலகிய இடத்துக்கு அடுத்த ஆட்டத்தில் என் மந்திரி வந்து உட்காருவான், 6877, அது எல்லோருக்கும் தெரிந்த திறப்பு. அதோடு நிறுத்தியிருக்கலாம். விதிப் புத்தகத்தில் ஒன்று போட்டிருந்தது, அனுபவம் உள்ளவர்கள் நாளை மிச்சப்படுத்த அடுத்த ஆட்டத்தையும் சேர்த்தே எழுதிவிடுவார்கள் என்று. நீ இதை ஆடினால் நான் இதை ஆடுகிறேன் என்று எழுத வேண்டும். நான் எழுதியது, நீங்கள் எது ஆடினாலும் என் அடுத்த ஆட்டம் 6877. எது ஆடினாலும். எழுதிவிட்டு அந்தக் கார்டை எத்தனை தடவை பார்த்தேன், பார்ப்பவன் பழைய கை என்று நினைப்பான் என்று. ஒன்பது நாள் கழித்து பதில் வந்தது. அவருடைய மந்திரி மூலைவாட்டில் பாய்ந்து என் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான், 3186. யாராவது அப்படி ஒரு மந்திரியைக் கொண்டுவந்து வைப்பார்களா? என் குதிரை வெட்டலாம், என் மந்திரி வெட்டலாம், சும்மா கிடைக்கிறான். ஆனால் நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். எது ஆடினாலும் என் மந்திரி 77-இல் போய் உட்கார வேண்டும், அதாவது அவனுக்குப் பக்கத்திலேயே போய்க் கழுத்தை நீட்ட வேண்டும். அவர் அதையும் தானே எழுதி, வெட்டையும் தானே எழுதியிருந்தார், 8677. அதற்கு அப்பால் மூலையில் என் யானை. ஒரு பக்கம் சொந்தக் குதிரை, முன்னால் சொந்தச் சிப்பாய், நகர இடமில்லாமல் வெட்டுக்குக் காத்துக்கொண்டு நிற்கிறது. மூன்றாவது ஆட்டத்திலேயே ஒரு மந்திரியும் ஒரு யானையும் போயிற்று.

தோற்றதற்கு நான் கோபப்படவில்லை. இதைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன், தோல்விக்குக் கோபப்படுகிற ஆள் இல்லை நான். கார்டின் அடியில் எழுதியிருந்தார், மணி மணியான கையெழுத்து, "அடுத்த முறை படித்தவர் யாரிடமாவது காட்டிவிட்டு எழுதவும்." அதுதான். அவ்வளவுதான் எழுதியிருந்தார். நான் படிக்காதவன் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? விலாசத்தில் ஒரு எழுத்தை விட்டிருப்பேன், அதை வைத்துக் கண்டுபிடித்திருப்பார். படித்தவர் யாரிடமாவது. ஆலையில் எடைமேடைக் கிளார்க் வேலை காலியானபோது மேனேஜரும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார், எடை எல்லாம் உனக்குத் தலைகீழாகத் தெரியும் வைரக்கண்ணு, ஆனால் கையெழுத்துப் போட ஒரு படித்தவர் வேண்டும் இல்லையா. பி.காம் படித்தவன் ஒருவன் வந்து நாற்காலியில் உட்கார்ந்தான், நான் வெயிலில் நின்று கத்தினேன், அவன் எழுதினான். பதினாறு டன் நானூறு. பதினாறு டன் நானூறு. நான் ஒரு தடவை தப்பாகச் சொன்னதில்லை. அவன் எத்தனை தடவை தப்பாக எழுதினான், அதையும் நான்தான் எட்டிப் பார்த்துத் திருத்தச் சொல்லியிருக்கிறேன். அந்த ஆட்டத்தை நான் விட்டுக்கொடுக்கவில்லை. யானையும் மந்திரியும் இல்லாமல் இரண்டு வருஷம் இழுத்தேன். என் ராஜா ஒரு மூலையில் ஒடுங்கி நிற்கிறவரை ஒவ்வொரு கட்டமாக எபனேசரை நடக்கவைத்தேன். அடுத்த ஆட்டம் ஐந்து வருஷம், சமமாக முடிந்தது. அது போதாது. சமம் என்பது இரண்டு பேரும் கை குலுக்கிக்கொள்கிற விஷயம். பிறகு மூன்று நான்கு வருஷம் இரண்டு பேரும் எழுதவில்லை. போன மாசம் நான்தான் கார்டு வாங்கி 4244 என்று எழுதிப் போட்டேன். அவர் அன்றைக்குத் திறந்த அதே திறப்பு. வேண்டுமென்றேதான். ஞாபகம் இருக்கிறதா பார்ப்போம் என்று.

பதில் நேற்று வந்தது. கையெழுத்து அவருடையது இல்லை. உருண்டை உருண்டையாக, பெண் கையெழுத்து. "ஐயா, நான் அவர் மகள் ஹெப்சிபா. அப்பாவுக்கு இருபதாம் தேதி வயிற்றில் ஆபரேஷன். கை நடுக்கம் இருப்பதால் அவர் சொல்ல நான் எழுதுகிறேன். உங்கள் ஆட்டம் தாமதப்படக் கூடாது என்று இரண்டு ஆட்டங்களைச் சேர்த்துச் சொன்னார்." கீழே, 7776. அதற்குக் கீழே, நீங்கள் எது ஆடினாலும், 6877. எது ஆடினாலும் என்பதன் அடியில் இரண்டு கோடு. வாசலிலேயே நின்று படித்தேன். போஸ்ட்மேன் அடுத்த வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தபோதும் நின்றுகொண்டிருந்தேன். என்ன தாத்தா, நல்ல சேதியா என்று கேட்டான். நல்ல சேதிதான். பதினோரு வருஷமாக நான் கேட்டது வீடு தேடி வந்திருக்கிறது. ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரி மரகதம், "கார்டு வந்தாலும் சாப்பிட மாட்டீங்க, வராட்டியும் சாப்பிட மாட்டீங்க" என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இந்த இரண்டு கோடு யார் போட்டது? மகள் தானாகப் போட்டாளா, அவர் போடச் சொன்னாரா? சொல்லிப் போட்டால் தெரிந்து போட்டது. கணக்குப் பேராசிரியர், இத்தனை வருஷம் எதையும் மறக்காதவர், ஐந்து வருஷ ஆட்டத்தில் ஒரு எண்ணைத் தப்பாக எழுதாதவர், நான் விழுந்த அதே பள்ளத்தில், அதே எண்ணில், அதே வார்த்தையில் விழுவாரா? விழ மாட்டார். அப்படியென்றால் கொடுக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்னால் ஒவ்வொருவருக்கும் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துத் தீர்க்கிற மாதிரி, வைரக்கண்ணுவுக்கு ஒரு மந்திரியும் ஒரு யானையும். கல்யாண வீட்டில் பந்தி முடிந்த பிறகு பின்வாசலில் போடுவார்களே, அப்படி. நான் எடுத்தால் கை நீட்டி வாங்கியவன். சரி, எடுக்க வேண்டாம், நல்ல பிள்ளையாக 7163 என்று குதிரையை நகர்த்தி எழுதினால்? என்ன நினைப்பார்? பாவம், காட்டியும் கண்ணுக்குத் தெரியவில்லை, இரண்டு கோடு போட்டும் தெரியவில்லை, படிக்காதவன்தானே என்று நினைப்பார். ஆபரேஷன் மேஜையில் படுத்துக்கொண்டு சிரிப்பார். இல்லை, இது இரண்டும் இல்லை, நிஜமாகவே மறந்திருக்கலாம். எண்பதை நெருங்குகிற வயசு, வயிற்றில் வலி, மாத்திரை. வாய் தானாகச் சொல்லியிருக்கும், மகள் எழுதியிருப்பாள், அவளுக்கு இதில் ஒன்றும் தெரியாது, கோடு அழகுக்குப் போட்டிருப்பாள். அப்படியென்றால் நான் இப்போது வெட்டப் போவது யாரை? நேற்றிலிருந்து இதே வட்டம். கொடுக்கிறாரா, விழுகிறாரா. கொடுத்தால் எனக்கு ஜெயம் இல்லை, விழுந்தால் அவருக்குத் தோல்வி இல்லை. எப்படிப் பார்த்தாலும் என் கையில் இருந்த ஒன்றை அவர் பிடுங்கிவிட்டார்.

"என்னாண்ணே, கோட்டைக்குக் காவலா?" சைக்கிள் கடை ரசாக் பாய், கையில் பாஸ்புக். அவரும் மூடிய ஜன்னலைப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார், பெஞ்சு அவர் பக்கம் தாழ்ந்தது. என் மடியை எட்டிப் பார்த்தார். "இன்னும் அந்த வாத்தியாரோட சண்டை ஓயலியா? நம்ம ஊரு கோர்ட்டு கேஸே முடிஞ்சு போச்சு."

"வாத்தியார் இல்ல பாய். புரொபசர்."

"ரெண்டும் அடிக்கிற ஆளுங்கதானே. யாரு கை ஓங்கியிருக்கு?"

"என் கை. இந்தக் கார்டு போனா ஆட்டம் முடிஞ்ச மாதிரி."

"அப்ப பிரியாணி போடுங்க. ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை, அரை மணியை ஓட்ட வேண்டும், சொன்னேன். ஆபரேஷன், மகள் எழுதியது, அதே வார்த்தை. பாய்க்குச் சதுரங்கம் தெரியாது, ஆனால் பழைய கதை தெரியும், என் வாயால் பத்துத் தடவை கேட்டிருப்பார். தடுப்புக்குப் பின்னால் டப்பா மூடும் சத்தம் கேட்டது, பிறகு சத்தம் இல்லை, அந்த அம்மாளும் கேட்டுக்கொண்டிருக்கிறாள் போல.

"ஆளு படுத்துட்டாரா," என்றார் பாய். தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். "ஏண்ணே, நான் ஒண்ணு கேட்டா கோச்சுக்கக் கூடாது."

"கேளுங்க."

"அன்னைக்கு நீங்க ஒரு வரி எழுதியிருக்கலாமே. சார், தெரியாம எழுதிட்டேன், மாத்திக்கிறேன்னு. மனுஷன் ஒத்துக்கிட்டிருந்தா?"

"அதெல்லாம் விதியில கிடையாது பாய். எழுதுனா எழுதுனதுதான்."

"விதி கிடக்குது. கேட்டீங்களா, கேக்கலியா?"

"அவரு எப்படி எழுதினாருன்னு உங்களுக்குத் தெரியாதா? படித்தவர் யாரிடமாவது..."

"அது தெரியும்ணே. அத எத்தினி வாட்டி சொல்லுவீங்க. அதுக்கப்புறம் ஒண்ணும் எழுதலியா?"

நான் கார்டை மறுபடி மடிமேல் கவிழ்த்தேன். பாய் நல்லவர், அதற்கு மேல் கேட்கவில்லை, பாஸ்புக்கைப் பிரித்துக் கூட்டல் போட ஆரம்பித்தார். அதற்கப்புறம் ஒன்றும் எழுதவில்லையா. எழுதியிருந்தார். அதற்கு அடுத்த வரி. கார்டின் கடைசியில், இடம் இல்லாமல் எழுத்து சின்னதாகிப்போன வரி. "கைத்தவறு என்றால் எழுதுங்கள், அந்த வரியை இல்லாததாக வைத்துக்கொண்டு தொடர்வோம்." இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மரகதத்திடம் சொன்னதில்லை. சொல்லாமல் சொல்லாமல், அப்படி ஒரு வரி இல்லை என்றே ஆகிவிட்டது, சில நாள் நிஜமாகவே இல்லை. முதல் வரியைச் சொன்னால் கேட்கிறவர்கள் ச்சே என்பார்கள். இரண்டாவது வரியையும் சேர்த்துச் சொன்னால், நல்ல மனுஷனாத்தானே இருக்காரு என்பார்கள். அப்புறம் என்னிடம் என்ன இருக்கும்? ஆனால் இரண்டாவது வரிதான் முதல் வரியைவிட என்னை அதிகம் எரித்தது, அதை யாருக்குப் புரியவைக்க முடியும்? கைத்தவறு என்றால் எழுதுங்கள். என்ன எழுதுவது? ஐயா, நான் தப்பு செய்துவிட்டேன், தயவுசெய்து என் யானையைத் திருப்பிக் கொடுங்கள் என்றா? என் எழுத்தில், என் எழுத்துப்பிழையோடு, அவர் சிவப்பு மையால் திருத்துகிற மாதிரி? அது கைத்தவறும் இல்லை. கை சரியாகத்தான் எழுதியது. தெரியாத ஒன்றைத் தெரிந்தவன் மாதிரி எழுதினேன், அவருக்கு அது தெரிந்துவிட்டது, தெரிந்ததை மறைத்துக் கைத்தவறு என்று ஒரு பேர் கொடுத்து எனக்குக் கதவைத் திறந்து வைத்தார். அந்தக் கதவுக்குள் குனிந்துதான் போக வேண்டும். நான் போகவில்லை. இரண்டு வருஷம் ஒற்றை யானையோடு ஆடினேன். பதினோரு வருஷமும் கதவு திறந்தேதான் கிடந்தது, நான் வெளியே நின்று அது சாத்தியிருக்கிறது என்று ஊரெல்லாம் சொன்னேன். இதை ஏன் இப்போது நினைக்க வேண்டும். இந்தப் பாய் ஏன் இங்கே வந்து உட்கார வேண்டும். இப்போது என் முறை. கார்டில் கீழே பாதி இடம் வெறுமையாக இருக்கிறது. அந்த வரியை நானும் எழுதலாம், கைத்தவறு என்றால் எழுதுங்கள் என்று. விழுந்திருந்தால் எழுந்துகொள்வார். கொடுத்திருந்தால், நான் பார்த்தேன், வேண்டாம் என்றேன் என்று அவருக்குத் தெரியும். இதைவிட நேரான வழி இல்லை, நேற்றிலிருந்து சுற்றிய வட்டத்துக்கு இதுதான் வெளிவழி, நான்கைந்து வார்த்தை. இன்று பதினான்கு, கார்டு போய்ச்சேர நான்கு நாள், பதினெட்டாம் தேதி மகள் படித்துக் காட்டுவாள். அவர் கேட்டுக்கொண்டு படுத்திருப்பார். அன்றைக்கு நான் எழுதியதை இவன் மறக்கவில்லையே என்று நினைப்பார். அன்றைக்கே இவன் அதைப் படித்திருக்கிறானே. படித்தும் பதில் எழுதாமல் இருந்திருக்கிறானே. பதினோரு வருஷம். அதை நினைத்ததும் காது சுட்டது. அவருக்கு என் கோபம் தெரியலாம், அதில் எனக்கு வெட்கம் இல்லை. கோபத்துக்குக் காரணமே இல்லை என்பது எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியக் கூடாது. அது ஒன்று மட்டும் கூடாது.

ஜன்னல் திறந்தது. அந்த அம்மாள் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டே "வாங்க பெரியவரே" என்றாள். குரல் முன்னைவிட மெதுவாக இருந்தது. எழுந்தேன். முழங்கால் பிடித்துக்கொண்டது, பாய் கை கொடுத்தார். "அண்ணே, நாலு வார்த்தை எழுதி அனுப்புங்க. ஆட்டம் கிடக்கட்டும், படுத்த ஆளு." அம்மாள் நூலில் கட்டிய பேனாவை என் பக்கம் தள்ளினாள். "இடம் இருக்கே, எழுதுங்க. நான் காத்திருக்கேன்." இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பேனாவை எடுத்தேன். நிப்பைக் கார்டில் வைத்தபோது எந்த வரி வரும் என்று எனக்கு நிஜமாகவே தெரியாது. 'கை' என்று எழுத ஆரம்பித்திருந்தால் 'கைத்தவறு' என்று முடிந்திருக்கும். என் கை 'எ' என்று ஆரம்பித்தது. "எடுத்துவிட்டேன். மாற்றித் தர முடியாது" என்று எழுதினேன். பெரிய பெரிய எழுத்தாக, எண்களைவிடப் பெரிதாக. ஒரு பிழை இல்லை, இரண்டு தடவை பார்த்தேன். அந்த 'எது ஆடினாலும்'க்கு அப்புறம், பதினோரு வருஷத்தில் அவருக்கு நான் எழுதிய முதல் வாக்கியம். தள்ளினேன்.

போஸ்ட் கார்டு மூடியதில்லையே, அந்த அம்மாள் படித்தாள். எண்களில் ஓடிய கண் கீழே வந்து நின்றது. முத்திரைக் கட்டையைத் தூக்கியவள் தூக்கியபடியே என்னைப் பார்த்தாள். கண்ணாடி போட்ட சின்ன முகம். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"இப்படியே போகட்டுங்களா?" என்றாள்.

"போகட்டும்."

பின்னாலிருந்து பாய், "என்னாண்ணே எழுதினீங்க?" என்றார்.

"உடம்பைப் பாத்துக்கச் சொன்னேன்."

"அதானே," என்று பாய் என் தோளில் தட்டினார். "பாத்தீங்களா மேடம், மூஞ்சிதான் இப்படி, மனசு தங்கம்."

அவள் கட்டையை இறக்கினாள். கார்டில் ஒரு குத்து, சீட்டில் ஒரு குத்து. சீட்டை என் கையில் கொடுக்காமல் பலகைமேல் வைத்துவிட்டு, என்னைத் தாண்டி, "பாஸ்புக்கைக் குடுங்க பாய்" என்றாள்.